ரிப்பீட் (கார் ஸ்டீரியோ)

ரிப்பீட் என்பது காரிலும் வேனிலும் பஸ்ஸிலும் பொருத்தப்படும் ஸ்டீரியோவில், முடிந்த பாட்டையோ பாட்டுத் தொகுப்பையோ கை படாமல் மறுபடி முதலிலிருந்து பாடவைக்கும் வசதி. பொத்தானில் ஆர்பிடி என்ற மூன்றெழுத்தோ, ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அம்புக்குறிகளோ அச்சிட்டிருக்கும். பல செட்டுகளில் இதற்கெனத் தனிப் பொத்தான் கிடையாது. வானொலி நிலையங்களைச் சேமித்துவைக்கும் 1 முதல் 6 வரையான எண்களில் ஒன்று, பென்டிரைவ் பாடும்போது இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். எந்த எண் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேச்சில் இது 'ரிப்பீட்டு'. தமிழ் வலைப்பதிவுக் காலத்தில் 'நீங்கள் சொன்னதே என் கருத்தும்' என்பதற்கு 'ரிப்பீட்டே' என்று எழுதியதும் இதே சொல்தான்.

திரும்பக் கேட்கும் ஆசை புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில், பிடித்த பாட்டு முடிந்ததும் கொட்டகையிலிருந்து 'ஒன்ஸ்மோர்' குரல் எழும்பும். நடிகர் மறுபடி பாடுவார், எஸ். ஜி. கிட்டப்பா இப்படிக் கேட்டு வாங்கப்பட்டவர்களில் பேர்போனவர். பாட்டு அதேதான், சங்கதி வேறாக விழும். செட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பாட்டு என்பது எதுவென்றே அதற்குத் தெரியாது. நாடாவோ தட்டோ கோப்போ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டுமே தெரியும். அதனால் பாட்டு குடியிருக்கும் பொருள் மாறும்போதெல்லாம் ரிப்பீட் என்பதன் பொருளும் மாறியிருக்கிறது.

பிலிப்ஸ் 1963இல் வெளியிட்ட கேசட்டில் எல்லைகள் இரண்டுதான்: நாடாவின் இரு முனைகள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட்டில், முனை வந்து நாடா இறுகியதும் சுழலும் திசை மாறி மறுபக்கம் பாடத் தொடங்கும். கேசட்டை வெளியே எடுக்கும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும். தனிப் பாட்டைத் திரும்பக் கேட்க, குத்துமதிப்பாக ரீவைண்ட் செய்ய வேண்டும். விலை கூடிய சில செட்டுகள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள மௌனத்தை மோப்பம் பிடித்து நிற்கும். பல்லவி முடிந்து இசை ஒரு கணம் ஓய்ந்தால் அங்கேயும் ஏமாந்து நிற்கும். கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுக்கும்போதே பிடித்த பாட்டை இரண்டு தடவை எழுதிவிடுவது இதைவிட நம்பகமான வழியாக இருந்தது.

ஒரே பாட்டைத் துல்லியமாகத் திரும்பப் பாடுவது சிடியோடு வந்தது. 1984இல் சோனியும் பயனியரும் கார் சிடி பிளேயர்களை வெளியிட்டன. தட்டின் தொடக்கத்திலேயே பொருளடக்கம் போல, ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு இருக்கும். 99 பாட்டு வரை இடமுண்டு. முடிந்ததும் லென்ஸ் அந்த இடத்துக்குத் தாவினால் போதும்.

எம்பி3 வந்தபின் எல்லைகள் மூன்றாயின: கோப்பு, ஃபோல்டர், மொத்தம். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு பாட்டு, மறுமுறை அழுத்தினால் ஒரு ஃபோல்டர், பிறகு எல்லாம் என்று மாறிக்கொண்டே போகும் செட்டுகள் அதிகம். இவற்றில் ஒற்றைப் பாட்டு ரிப்பீட்டைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். உண்மையில் உதவுவது ஃபோல்டர் ரிப்பீட். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்குச் சுமார் 40 கி.மீ. பஸ்ஸின் விடியற்காலை முதல் நடையில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், சீர்காழி, டி.எம்.எஸ். என்று பக்திப் பாட்டுகள் ஓடும். அந்த ஃபோல்டர் தீர்ந்ததும், ரிப்பீட் போடாத செட் அடுத்த ஃபோல்டருக்குள் நுழைந்து குத்துப்பாட்டை எடுத்துவிடும். நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருக்கும் பயணிகள் என்ன செய்வார்கள்?

ரிப்பீட்டை அணைத்தால் கடைசிப் பாட்டோடு செட் நின்றுவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். பெரும்பாலான செட்டுகள் மறுபடி முதல் பாட்டுக்கே போகும். 'ஆஃப்' என்பதும் 'எல்லாம்' என்பதும் அவற்றில் ஒன்றுதான். பாட்டு திரும்பும் இடத்தில் சின்ன வெற்றிடம் கேட்பதும் பழுதல்ல. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகக் கட்டுகிறது, ஒவ்வொன்றும் சுமார் 26 மில்லிவினாடி. நிரம்பாத கடைசித் துண்டில் மௌனம் அடைக்கப்படுகிறது.

புளூடூத்தில் பாட்டு செல்போனிலிருந்து வருகிறது. திரும்பப் பாடுவதும் அதன் பொறுப்பு. ஏவிஆர்சிபி என்னும் விதிமுறையின் 1.3 பதிப்பிலிருந்து, ரிப்பீட் போடச் சொல்லி செட் செல்போனுக்குக் கட்டளை அனுப்ப வழி உண்டு. செல்போனிலுள்ள செயலி அதற்கு இணங்க வேண்டும். ஆக்ஸ் வயரில் அதுவும் இல்லை, வெறும் ஒலிதான் வரும்.

ரிப்பீட் போலத் தெரிந்து ரிப்பீட் அல்லாத கோளாறு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பும்போதெல்லாம் முதல் பாட்டே பாடுகிறது, கடிகாரமும் தப்பாகக் காட்டுகிறது என்றால் பொத்தானைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்குப் போய் நினைவைக் காக்கும். சிவப்பு வயர் சாவியோடு சேர்ந்து உயிர் பெறும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவிப்பக்கம் கட்டிவிட்டால், வண்டியை அணைத்ததும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

வானொலியில் ரிப்பீட் கிடையாது. மலையிலிருந்து மதுரைச் சமவெளியெங்கும் கேட்கும் கொடைக்கானல் பண்பலையில் பிடித்த பாட்டு போனால் போனதுதான். அந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் ரிப்பீட் எண்ணை அழுத்தினால் வேறு நிலையம் வரும்; அழுத்திப் பிடித்தாலோ, அந்த எண்ணில் முன்பு சேமித்திருந்த நிலையம் அழிந்து, அப்போது ஓடுவது அங்கே பதிவாகிவிடும்.