பட்டம் பெருகிய வரலாறு

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் சேசய்ய சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில், 1880-இல், மன்னர் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. அந்நாளில் கல்லூரிப் படிப்புடையோர் மிகச் சிலரே. அவர்கள் பெற்ற ஊதிய உயர்வு படிப்பால் மட்டும் விளைந்ததன்று; படித்தவர் அரிதாய் இருந்ததாலும் விளைந்தது.

பொறியியல் படிப்பில் அந்த அருமை வெகுவாகக் குறைந்தது 1984-க்குப் பிறகு. அவ்வாண்டு எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கியது. நம் மாவட்டத்திலேயே கீரனூர் அருகில் மூகாம்பிகை பொறியியல் கல்லூரி தோன்றியது. 2007-இல் நுழைவுத் தேர்வு நீங்கியது; 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. நம் தெருக்களில் பல வீடுகள் தம் முதல் பொறியாளரைக் கண்டது அப்போதுதான்.

பட்டதாரிகள் பெருகியும் தொடக்கத்தில் ஊதியம் சரியவில்லை. மென்பொருள் நிறுவனங்கள் அதைவிட விரைந்து ஆள் தேடின. கல்விக்கும் தொழில்நுட்பத்துக்கும் இடையிலான ஓட்டப்பந்தயம் என்று டச்சுப் பொருளியலாளர் டின்பெர்கன் 1975-இல் கூறியது இதைத்தான். அமெரிக்காவில் 1970-களில் பட்டதாரிகள் குவிந்தபோது அவர்களின் ஊதிய மேன்மை தாழ்ந்தது. 1980-களில் தேவை முந்தியதும் மீண்டும் உயர்ந்தது. இங்கோ 2010-க்குப் பின் பெரிய மென்பொருள் நிறுவனங்களின் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சத்திலேயே பல்லாண்டு நின்றது. விலைவாசி நிற்கவில்லை.

அப்படியாயின் பட்டம் வீணா? நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் பட்டமில்லாதவர் நிலையையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பே தகுதியான குரூப் 4 தேர்வுக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 22 லட்சம். அவர்களுள் பட்டதாரிகள் ஏராளம். மேலே இடம் கிடைக்காதவர் கீழே இறங்கும்போது, பத்தாவதோடு நின்றவர் இன்னும் கீழே தள்ளப்படுகிறார். பட்டத்தின் விலை குறைகிறது. பட்டமின்மையின் நட்டமோ குறைவதில்லை.

மேலும், பட்டதாரி என்பது இன்று ஒரே வகையினர் அல்லர். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதைப் பொறுத்து ஊதியம் பன்மடங்கு வேறுபடுகிறது. சென்ற சில ஆண்டுகளாகக் கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் இடங்கள் காலியாகக் கிடக்க, கூட்டம் கணினி அறிவியலில் மொய்க்கிறது. பெற்றோர் பார்ப்பது இன்றைய ஊதியத்தை. பிள்ளை வேலை தேடுவதோ நான்காண்டு கழித்து, அதே ஊதியத்தைப் பார்த்துச் சேர்ந்த அத்தனை பேரோடும்.