ஆடுகிற ஆணி

1782, ஆகஸ்ட் 29. காலை நேரம். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே, ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றுகொண்டிருந்தது ‘ராயல் ஜார்ஜ்’.

சாதாரணக் கப்பல் இல்லை அது. நூறு பீரங்கிகள். 1756-ல் கடலில் இறக்கியபோது உலகத்திலேயே பெரிய போர்க்கப்பல். 1759-ல் குவிபெரான் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படையைத் துவம்சம் செய்தாரே அட்மிரல் ஹாக், அவருடைய கொடி பறந்தது இதில்தான். இப்போது வயது 26. எதிரிகள் முற்றுகையிட்டிருந்த ஜிப்ரால்டருக்கு உதவிப் பொருட்களோடு போகும் படையில் இதுவும் சேர வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்ன ரிப்பேர். ரொம்பச் சின்னது!

கப்பலின் வலது பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கடல்நீரை உள்ளே எடுக்கும் ஒரு குழாயின் வாய் பழுதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும். கரைக்கு இழுத்துக்கொண்டு போய் ‘டாக்’கில் ஏற்றினால் நாட்கணக்கில் ஆகும். அதனால் மாலுமிகளுக்குப் பழக்கமான குறுக்குவழி. இடது பக்கப் பீரங்கிகளை ஜன்னல் வழியாக வெளியே தள்ளு, வலது பக்கப் பீரங்கிகளை நடுவுக்கு இழு. கப்பல் இடது பக்கமாகச் சாயும். வலது பக்கம் மேலே எழும்பும். குழாய் வாய் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். வேலையை முடித்துவிட்டு மறுபடி நிமிர்த்திக்கொள்ளலாம். அமைதியான கடலில் எத்தனையோ முறை செய்த வேலைதான்.

கப்பலில் அன்று கிட்டத்தட்ட 1,200 பேர். மாலுமிகளை வழியனுப்ப வந்த மனைவிமார்கள், குழந்தைகள், சாமான் விற்க வந்த வியாபாரிகள்... திருவிழாக் கூட்டம். போதாக்குறைக்கு, தாழ்ந்திருந்த இடது பக்கத்தில் ஒரு படகு வந்து ஒட்டிக்கொண்டது. ரம் பீப்பாய்களை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

கீழ்த்தள ஜன்னல்களின் விளிம்பைத் தொட்டது கடல். ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

இதைக் கவனித்தவர் கப்பலின் தச்சர். மேலே ஓடினார். “கப்பல் தாங்காது, நிமிர்த்தச் சொல்லுங்க” என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். காவல் பொறுப்பில் இருந்த லெப்டினென்ட் வெடுக்கென்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார். தச்சர் கீழே போனார். தண்ணீர் ஏறியிருந்தது. மறுபடி மேலே வந்தார். மறுபடியும் அதே அலட்சியம். (ஒரு தச்சன், அதிகாரிக்கு வந்து வேலை சொல்வதாவது!)

அப்புறம் ஒருவழியாக நிமிர்த்த உத்தரவு வந்தது. மாலுமிகள் பீரங்கிகளை நோக்கி ஓடினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சில நிமிடங்களில் அந்த ராட்சதக் கப்பல் பக்கவாட்டில் சரிந்து, கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னாலேயே மூழ்கியது. அட்மிரல் கெம்பென்ஃபெல்ட் தன் அறையிலேயே ஜலசமாதி ஆனார். செத்தவர்கள் ஏறக்குறைய 900 பேர். புயல் இல்லை, போர் இல்லை. ஒரு குழாய் ரிப்பேர்!

அடுத்த மாதமே ராணுவ விசாரணை நடந்தது. உயிர்பிழைத்த கேப்டனும் அதிகாரிகளும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு. அப்படியானால் யார் குற்றவாளி? கப்பல்! அதன் கட்டைகள் மொத்தமாக உளுத்துப்போயிருந்தன. அதனால் சட்டத்தின் முக்கியமான பாகம் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். முன்பு பராமரிப்புக்காகப் பிரித்தபோதே உள்மரம் அழுகிக் கிடந்ததைப் பார்த்ததாக ஒரு மூத்த அட்மிரல் சாட்சி சொன்னார். திறந்திருந்த ஜன்னல்கள் வழியாகப் புகுந்த தண்ணீரே போதும், உளுத்த மரத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிட்டார்கள் என்று வாதிடுகிற வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. எது எப்படியோ, ஒன்று மட்டும் உறுதி. குழாய் வாயைப் பார்த்தவர்கள், அந்தக் குழாய் பொருத்தப்பட்டிருந்த கப்பலைப் பார்க்கவில்லை.

நான் படித்தது வணிகவியல். எங்கள் பாஷையில் சொன்னால், 26 வருடம் தேய்மானமே எழுதாத சொத்து. ஏட்டில் முழு மதிப்பு, உள்ளே பூஜ்யம்.

சரி, மரம் உளுத்தது. மரத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் மட்டும் ஒழுங்காக இருந்தனவா? அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையை அலறவைத்த இன்னொரு கதை அது.

மரக்கப்பலுக்கு எமன், மரத்தைக் குடையும் கப்பல் புழு. அடிப்பாகத்தில் ஒட்டும் பாசியும் சிப்பியும் வேகத்தைக் குறைக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக, 1761-ல் ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடியில் தாமிரத் தகடு போர்த்திப் பார்த்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியதும் 1763-ல் சோதித்தார்கள். புழு இல்லை. ஆனால் தகட்டை அடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் துருக்கூழாகிக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் புதுசு போல இருந்தன. ஏன்? தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அங்கே யாரோ கிழிக்காமல் விட்டிருந்தார்கள். இரும்பும் தாமிரமும் தொட்டுக்கொள்ளாத இடத்தில் ஆணி பிழைத்திருந்தது!

காரணம், இன்றைக்குப் பள்ளிக்கூடப் பாடம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். டார்ச் லைட் பேட்டரி மாதிரிதான். ஒன்று கரைந்தால் இன்னொன்று பிழைக்கும். கரைந்தது இரும்பு.

தெரிந்தும் என்ன செய்தார்கள்? 1779-ல் தொடங்கிய அவசரத்தில் கிட்டத்தட்ட மொத்தக் கடற்படைக்கும் தாமிரம் போர்த்தினார்கள். போர்க்காலம், வேகம் முக்கியம். காகிதத்தை நடுவில் வைத்தால் போதும் என்று நம்பினார்கள். போதவில்லை. கட்டைகளை இணைத்த பெரிய இரும்பு போல்ட்டுகள் உள்ளுக்குள் கரைந்தன. மேலே பளபளவென்று தாமிரம் இருந்ததால் வெளியே தெரியவில்லை. 1783-ல்தான் உறுதியான தாமிரக் கலவை போல்ட்டுகள் வந்தன. 1786-ல் எல்லாக் கப்பல்களுக்கும் போல்ட்டை மாற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

1824-ல் ஹம்ப்ரி டேவி இதையே தலைகீழாகத் திருப்பினார். ஒன்று கரைந்துதான் ஆக வேண்டுமென்றால், கரைவதற்கென்றே ஒரு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ தாமிரத்தோடு ஒட்டிவிட்டால்? தாமிரம் கரைவது நின்றது. கூடவே, தாமிரம் கரைந்தால்தான் பாசி அண்டாது என்பதும் தெரிந்தது. பாசி அப்பிக்கொண்டதால் கடற்படை அதைக் கைவிட்டது. ஆனாலும் யோசனை சாகவில்லை. இன்றைய படகுகளின் அடியில் தொங்குகிற துத்தநாகக் கட்டி, டேவியின் பேரப்பிள்ளைதான்.

இன்றைய படகு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. மேல்நாட்டு உல்லாசப் படகுகளின் பின்பக்கம், தண்ணீரை ஒட்டி ஒரு பலகை இருக்கும். நீந்துகிறவர்கள் ஏறி இறங்குகிற மேடை. அதை உலோக பிராக்கெட்டுகள் தாங்கும். பழைய படகுகளில் அது ஒருநாள் லேசாக ஆட ஆரம்பிக்கும். சொந்தக்காரர் என்ன செய்வார்? ஸ்பானரை எடுத்து ஒரு முறுக்கு. நாம் கதவுக் கீல் ஆடினால் ஓட்டையில் தீக்குச்சி செருகித் திருகாணியை முறுக்குகிறோமே, அதே புத்தி.

விஷயம் தெரிந்த மெக்கானிக் முறுக்க மாட்டார். போல்ட்டைக் கழற்றுவார். ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிகிறதா? சுற்றிலும் சின்னச் சுத்தியலால் தட்டினால் ‘டக் டக்’கென்று கேட்கிறதா, ‘பொத் பொத்’தென்றா? ஃபைபர் பின்சுவருக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான். போல்ட் வழியாக வருடக்கணக்கில் நீர் இறங்கி அது ஊறியிருந்தால், முறுக்க முறுக்க நசுங்குமே தவிரப் பிடிக்காது. கெட்டதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, எபாக்ஸியால் அடைத்து, புதிதாகத் துளையிட்டு, உள்பக்கம் அகலமான தகடு கொடுத்து, சீலன்ட் பூசி மாட்ட வேண்டும். போல்ட்டும் பிராக்கெட்டும் வேறு வேறு உலோகமா என்றும் பார்க்க வேண்டும். ‘அலார்ம்’ கற்றுக்கொடுத்த பாடம்! பத்து நிமிட வேலை பல நாள் வேலையாகிவிடும். செலவும் அதிகம். ஆனால், இல்லாவிட்டால் மேடை விழப்போவது ஏணியில் ஒரு குழந்தை ஏறும்போதுதான்.

ஆணி ஆடினால் ஆணியைப் பார்க்காதே. அது பிடித்திருக்கும் இடத்தைப் பார். தச்சர் அதைத்தான் சொல்ல ஓடினார், இரண்டு தடவை.

‘ராயல் ஜார்ஜ்’ மிச்சங்கள் பல வருடம் கப்பல் பாதையை மறித்துக்கொண்டு கிடந்தன. முக்குளிப்பவர்கள் பீரங்கிகளை எடுத்தார்கள். மீதியை 1839-லிருந்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணைப் பார்த்திருப்பீர்கள், படத்திலாவது. அவர் காலடியில் இலை இலையாக விரிகிற வெண்கல வேலைப்பாடு, அந்தப் பீரங்கிகளை உருக்கி வார்த்தது. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது நெல்சனை. தச்சருக்குச் சிலை இல்லை.