தினக்கூலியும் உழைத்தவரின் உரிமையும்

உழைப்பை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த எச்சரிக்கையை மனத்தில் இருத்தியே நம் மண்ணின் தொழிலாளர் வரலாற்றை நாம் படிக்க வேண்டும்.

1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், பஞ்சாலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

ஆயினும் நிரந்தரமற்ற ஊழியரின் வழக்கு முடியவில்லை. முறைப்படி நியமிக்கப்படாதோர் பணிநிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாது என 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தோரை ஒருமுறை பரிசீலிக்கவும் சொன்னது. நிர்வாகங்களோ முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை மறந்தன. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கு, ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தரப் பணியின் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்றது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கு, மத்திய நீர்வள ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவும் தோட்டவேலையும் செய்தோரை நிரந்தரமாக்க ஆணையிட்டது.

வில்லியனூரிலும் பாகூரிலும் தினக்கூலியாக உழைக்கும் நம் சகோதர சகோதரிகள் வருகைப் பதிவு, கூலிச்சீட்டு ஆகியவற்றின் நகல்களைப் பேணிக்கொள்வது நல்லது. நீண்ட பணிக்கு அவையே சாட்சி. அரசிடம் நீதி கேட்கும் நாம், நம் கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்டுக்கணக்கில் பணிபுரிவோரின் ஊதியத்தையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்போமாக.