அவுட்லுக் நீட்சிகளில் நடப்பு அஞ்சல்

நடப்பு அஞ்சல் என்பது, மைக்ரோசாப்ட் அவுட்லுக்கில் ஒரு நீட்சியின் பொத்தானைப் பயனர் அழுத்தும்போது அவர் திறந்து வைத்துள்ள, அல்லது பட்டியலில் தேர்ந்துள்ள மின்னஞ்சலாகும். அழுத்துபவருக்கு அது எது என்பதில் ஐயமில்லை. நிரலுக்குத்தான் சிக்கல். தமிழில் இகரம் அண்மைச்சுட்டு. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் "இந்தக் கடிதம்" என்பதற்குப் பொருள் காண முடியாது. நிரலும் எந்தச் சாளரத்திலிருந்து அழைப்பு வந்தது என்று அறிய வேண்டும்.

அவுட்லுக்கில் இருவகைச் சாளரங்கள் உண்டு. அஞ்சல் பட்டியலைக் காட்டுவது எக்ஸ்புளோரர். தனி அஞ்சலைத் திறந்து காட்டுவது இன்ஸ்பெக்டர். அவுட்லுக் 2000இல் காம் நீட்சிகள் வந்தபோது பொத்தான்கள் கருவிப்பட்டையில் இருந்தன. திறந்த ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஒரு பொத்தான். அவற்றுக்கு ஒரே அடையாளக் குறியைக் கொடுத்துவிட்டால், ஒன்றை அழுத்தினாலும் எல்லாச் சாளரங்களின் கையாளிகளும் விழித்துக்கொள்ளும். ஆகவே நிரலர்கள் சாளரத்துக்கொரு தனிக் குறி வைத்துச் சமாளித்தனர்.

அவுட்லுக் 2007இல் ரிப்பன் வந்தது. ஆனால் தனி அஞ்சல் சாளரங்களில் மட்டும். கையாளிக்கு அனுப்பப்படும் கட்டுப்பாட்டுப் பொருளில் 'கான்டெக்ஸ்ட்' என்ற பண்பு இருந்தது. பொத்தான் இருக்கும் சாளரத்தையே அது தரும். அச்சாளரத்தின் 'கரண்ட் ஐட்டம்' நடப்பு அஞ்சல். இவ்வளவு எளிய வழி இருந்தும் பலர் 'ஆக்டிவ் இன்ஸ்பெக்டர்' என்ற பழைய வழியை விடவில்லை. அது தனி அஞ்சல் சாளரங்களுள் மேலே இருப்பதைத் தரும், அவ்வளவே.

அவுட்லுக் 2010இல் பட்டியல் சாளரத்துக்கும் ரிப்பன் வந்ததும் அந்தப் பழக்கத்தின் தீங்கு வெளிப்பட்டது. பயனர் பட்டியலில் ஓர் அஞ்சலைத் தேர்ந்து பொத்தானை அழுத்துவார். பின்னால் மறந்து திறந்து கிடக்கும் வேறோர் அஞ்சலை நிரல் எடுத்துக்கொள்ளும். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு கட்சிக்காரரின் கடிதம் மற்றவர் கோப்பில் சேர இது போதும். சரியான வழி, கான்டெக்ஸ்ட் தருவது எக்ஸ்புளோரரா இன்ஸ்பெக்டரா என்று பார்த்து, முன்னதாயின் 'செலெக்சன்' தொகுப்பை நாடுவது. அத்தொகுப்பு வெறுமையாகவும் இருக்கலாம், பல அஞ்சல்களையும் கொண்டிருக்கலாம். கூட்ட அழைப்போ, அஞ்சல் சேரவில்லை என்ற அறிக்கையோ அதில் இருக்கலாம் என்பதால் வகையையும் சோதிக்க வேண்டும்.

அவுட்லுக் 2013 படிக்கும் பலகத்திலேயே பதில் எழுத இடம் தந்தது. அப்போது செலெக்சன் தருவது வந்த கடிதத்தை. எழுதிக்கொண்டிருக்கும் பதிலை அல்ல. பதிலைப் பெற 'ஆக்டிவ் இன்லைன் ரெஸ்பான்ஸ்' என்ற புதிய பண்பு சேர்க்கப்பட்டது.

அதே பதிப்பில் தொடங்கிய இணையவழி நீட்சிகளில் நடப்பு அஞ்சலை 'மெயில்பாக்ஸ்' பொருளின் 'ஐட்டம்' பண்பு தருகிறது. விண்டோசுக்கான புதிய அவுட்லுக் காம் நீட்சிகளை ஏற்பதில்லை என்பதால் பழைய நிரல்களை இம்முறைக்கு மாற்றி எழுத வேண்டியுள்ளது. இங்கும் பலகத்தை நிலையாகப் பொருத்தி வைத்தால் பயனர் அஞ்சல் மாற மாற நடப்பு அஞ்சலும் மாறும். எதையும் தேராதபோது ஐட்டம் வெற்று மதிப்பாகிவிடும். எனவே 'ஐட்டம் சேஞ்டு' நிகழ்வைக் கவனித்து, ஒவ்வொரு முறையும் அஞ்சலைப் புதிதாகக் கேட்டுப் பெறுகிறார்கள்.