இருபத்தைந்து வயதில் மீண்டும் முதற்பாடம்

தேவாரத்திலிருந்து கோம்பை செல்லும் சாலையில் பண்ணைப்புரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. மேற்கே மலை, அதன்மேல் ஏலத்தோட்டங்கள். இசையமைப்பாளர் இளையராஜா 1943ஆம் ஆண்டு இவ்வூரில்தான் பிறந்தார். அவர் பெயரை எடுத்தாலே நம் பகுதி மக்கள் "அது பிறவி ஞானம்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இசையைப் பற்றிய மார்க்க விவாதம் நெடியது. அதற்குள் நாம் இங்கு நுழையவில்லை. அவர் எவ்வாறு கற்றார் என்பதே நம் பொருள்.

அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிவந்தவர். பள்ளிப் பருவம் தாண்டுவதற்குள்ளேயே அண்ணனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர் இளையராஜா. ஆர்மோனியம் கைவந்திருந்தது. மக்களின் கைதட்டலும் கிடைத்திருந்தது. 1968இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. "எனக்குத் தெரியாததா?" என்று எண்ணியிருக்கலாம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் முன் மாணவராக அமர்ந்தார்.

அங்கே தொடங்கியது அடிப்படைப் பாடம். ஐந்து கோடுகளின் மேல் இசைக்குறிகளை எழுதவும் படிக்கவும் பழகினார். பியானோவும் கிட்டாரும் பயின்றார். காதால் கேட்டு வாசித்தவர், பாக் போன்ற ஐரோப்பிய மேதைகளின் ஆக்கங்களை எழுத்து வடிவில் பிரித்துப் பார்க்கப் பழகினார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். பிழைப்புக்காகப் பிறரது இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தார்; ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். இடையில் எட்டு ஆண்டுகள்! ஒரே இரவில் வந்த புகழ் என்று இதை எப்படிச் சொல்வது? 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81. மயிலாப்பூரில் எழுதப் பழகிய அதே குறிகளால்தான் அதையும் எழுதினார்.

நம் மரபிலும் இம்முறை புதிதன்று. உதுமானியர் காலத்து அரபு எழுத்துக் கலையில், காரியத்தை எளிதாக்குமாறு இறைவனை வேண்டும் சிறிய துஆ ஒன்றே மாணவனின் முதற்பாடம். உஸ்தாத் சிவப்பு மையால் திருத்தித் தருவார். மாணவன் அதையே மாதக்கணக்கில் எழுதுவான். இஜாஸா பெறும்வரை தன் எழுத்தின் கீழ் அவன் கையொப்பமிடுவதில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம்மிடம் ஹிஃப்ழு வகுப்புக்கு ஒரு சிறுவன் வந்தான். மீலாது மேடைகளில் கிராஅத் ஓதிப் பரிசுகள் வாங்கியவன். குரல் இனிமையானது, ஆனால் 'ளாத்' எழுத்தும் 'ழா' எழுத்தும் அவன் நாவில் ஒன்றாகவே ஒலித்தன. அலிஃபிலிருந்து தொடங்கச் சொன்னோம். அவனுடைய அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பரிசு வாங்குன பிள்ளைய பாலர் வகுப்புல உட்கார வைக்கிறீங்களே அஜ்ரத்!" என்று கேட்டார். பையனை அழைத்துச் சென்றும்விட்டார். அன்று நாம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்ற உறுத்தல் இன்றும் நமக்கு உண்டு.

ஷவ்வாலில் மதரஸா திறந்தபோது சிறுவன் தானாகவே வந்து நின்றான். கையில் காயிதா கிதாபு இருந்தது. தினமும் சுப்ஹுக்குப் பின் கண்ணாடி முன்னால் நின்று, நாவின் ஓரம் கடைவாய்ப்பல்லைத் தொடுகிறதா என்று பார்த்து 'ளாத்' சொல்லிப் பழகுகிறான். இன்னும் சரியாக வரவில்லை.