பலகை விளையாட்டுகளுக்கு மதிப்பெண்: நியாயமான தரவரிசையைத் தேடிய வரலாறு

புதிதாக உருவாக்கி வெளியிடப்படும் பலகை விளையாட்டுகளை, ஆடிப் பார்த்தவர்களே மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வேர்விட்டு, 2000-க்குப் பின் இணையத்தில் உலகெங்கும் பரவியது. தாயத்தையோ ஆடுபுலி ஆட்டத்தையோ யார் கண்டுபிடித்தார் என்று எவருக்கும் தெரியாது. அவற்றுக்கு மதிப்பெண் இட்டாலும் இடாவிட்டாலும் நட்டப்படுவோர் இல்லை. இன்றைய விளையாட்டின் நிலை வேறு. அதற்கு ஓர் ஆசிரியர் உண்டு. விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவருக்கு உரிமைத்தொகை உண்டு. பட்டியலில் ஒரு விளையாட்டு 50-ஆவது இடத்தில் இருக்கிறதா, 5,000-ஆவது இடத்தில் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள். எனவே சராசரியை எப்படிக் கணக்கிடுவது என்ற பள்ளிக்கூடக் கேள்வி இங்கே ஒருவருடைய பிழைப்பைத் தொடும் கேள்வியாகிறது.

நடுவர் குழுவும் வாசகர் வாக்கும்

ஜெர்மனியில் விளையாட்டு விமர்சகர்கள் சிலர் கூடி நிறுவிய 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் சிறந்த விளையாட்டு) என்னும் விருது முதன்முதலாக 1979-இல் வழங்கப்பட்டது. ஆங்கிலேயரான டேவிட் பார்லெட் உருவாக்கிய 'முயலும் ஆமையும்' என்ற விளையாட்டு அதைப் பெற்றது. விளையாட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களோடு தொடர்புள்ளவர்கள் நடுவராக இருக்கக்கூடாது என்பது இவ்விருதின் முக்கியமான விதி. விருதுச் சின்னம் பெட்டியில் ஏறினால் விற்பனை பல மடங்காகும். 1995-இல் கிளாவ்ஸ் டாய்பரின் 'காட்டான்' இவ்விருதைப் பெற்று, பின்னர் உலகெங்கும் பரவியது.

அக்காலத்தில் பெட்டியின்மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும். உருவாக்கியவரின் பெயர் பெரும்பாலும் இராது. 1988-இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியின்போது விளையாட்டு ஆசிரியர்கள் சிலர், தங்கள் பெயரைப் பெட்டியில் அச்சிடாத நிறுவனத்துக்கு விளையாட்டு தருவதில்லை என்று முடிவுசெய்து கையொப்பமிட்டனர். அவர்கள் கையொப்பமிட்ட காகிதம், பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை. மதிப்பெண் வரலாற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு: பெயர் அச்சான பிறகுதான் பாராட்டும் பழியும் ஒரு மனிதரைச் சென்றடையத் தொடங்கின.

நடுவர் குழு சிறியது. அதன் முடிவு சிலருடைய சுவையைச் சார்ந்தது. இதற்கு மாற்றாக 1990-இல் 'ஜெர்மன் விளையாட்டுப் பரிசு' தொடங்கியது. இதில் ஆடுபவர்கள், கடைக்காரர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலரும் தமக்குப் பிடித்த ஐந்து விளையாட்டுகளை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். முன்னே வைத்ததற்கு அதிகப் புள்ளி, பின்னே வைத்ததற்குக் குறைந்த புள்ளி. இந்த எண்ணம் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஜான் சார்ல் தெ போர்டா, தேர்தலுக்காக இத்தகைய புள்ளி முறையை முன்வைத்தார். போட்டியாளரை வேண்டுமென்றே கடைசியில் தள்ளி இம்முறையைக் கெடுக்கலாமே என்று கேட்டவர்களிடம், தன் முறை நேர்மையானவர்களுக்காக மட்டுமே வகுக்கப்பட்டது என்று அவர் பதில் சொன்னதாகக் கூறுவர்.

ஐந்தை மட்டும் எழுதச் சொல்லும் முறையில் வேறொரு குறையும் உண்டு. பரவலாக விற்ற விளையாட்டைப் பலர் ஆடியிருப்பார்கள். அதனால் பலர் எழுதுவார்கள். சிறிய நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்ட நல்ல விளையாட்டை ஆடியவர்களே சிலர்தான். ஆகவே அது மேலேறுவது கடினம்.

போர்டு கேம் கீக்

2000 ஜனவரியில் அமெரிக்கர்களான ஸ்காட் ஆல்டனும் டெர்க் சோல்கோவும் 'போர்டு கேம் கீக்' என்ற தளத்தைத் தொடங்கினர். உறுப்பினர் எவரும் எந்த விளையாட்டுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடலாம். ஒருவருக்கு ஒரு விளையாட்டுக்கு ஒரே மதிப்பெண். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் தளம் ஒரு விளக்கம் தருகிறது. அந்த விளக்கங்கள் 'இது எவ்வளவு சிறந்த படைப்பு' என்று கேட்பதில்லை. 'இதை மீண்டும் ஆட உமக்கு எவ்வளவு விருப்பம்' என்றே பெரும்பாலும் கேட்கின்றன. இது நல்ல ஏற்பாடு. தன் விருப்பத்தைப் பற்றி ஒருவர் சொல்வதில் தவறு இருக்க முடியாது. படைப்பின் தரத்தைப் பற்றிச் சொல்வதில் தவறு இருக்கலாம்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்கியது. ஒரு விளையாட்டுக்கு அதன் ஆசிரியரின் நண்பர்கள் பத்துப் பேர் தலா 10 மதிப்பெண் இட்டால் சராசரி 10. ஆயிரம் பேர் ஆடிய மற்றொன்றின் சராசரி 8. வெறும் சராசரிப்படி வரிசைப்படுத்தினால் முதலாவதே மேலே நிற்கும். இதைத் தடுக்கக் குறைந்தது 30 பேராவது மதிப்பெண் இட்டிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதுவும் போதாது, 30 நண்பர்களைச் சேர்ப்பது அரிதன்று. எனவே தளம் 'கற்பனை வாக்குகள்' என்னும் உத்தியைக் கையாண்டது.

கற்பனை வாக்குகளின் கணக்கு

ஒவ்வொரு விளையாட்டுக்கும், யாரும் இடாத குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நடுத்தர மதிப்பெண்களை முன்கூட்டியே சேர்த்துவிடுவதே இந்த உத்தி. நடுத்தரம் என்பது 1-க்கும் 10-க்கும் நடுவிலுள்ள 5.5. இதன் பின்னே இருப்பது பேயீஸ் தேற்றத்தின் வழிவந்த சிந்தனை. மேனிலை வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் மாணவர்கள் சந்திக்கும் அதே தாமஸ் பேயீஸ்தான். அவருடைய கட்டுரை அவர் இறந்தபின் 1763-இல் வெளியானது. ஒன்றைப் பற்றிச் சான்று வருவதற்கு முன்பே நமக்கு ஒரு தொடக்க மதிப்பீடு இருக்கிறது. சான்று சேரச் சேர அதைத் திருத்திக்கொள்கிறோம். அறிமுகமில்லாத விளையாட்டைப் பற்றிய தொடக்க மதிப்பீடு 'நடுத்தரம்' என்று வைத்துக்கொள்வது நியாயமானதே.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். கற்பனை வாக்குகள் 100 என்று கொள்வோம். அவற்றின் கூட்டுத்தொகை 550. பத்துப் பேர் தலா 10 இட்ட முதல் விளையாட்டின் மதிப்பு (100 + 550) ÷ 110, அதாவது ஏறத்தாழ 5.91. ஆயிரம் பேரின் சராசரி 8 பெற்ற இரண்டாவது விளையாட்டுக்கு (8,000 + 550) ÷ 1,100, ஏறத்தாழ 7.77. நண்பர் கூட்டத்தின் சூழ்ச்சி இங்கே தோற்றுப்போகிறது.

இனி மூன்றாவது ஒன்று. சிறு நிறுவனம் ஒன்றின் விளையாட்டு, 200 பேர்தான் ஆடினார்கள், சராசரி 8.5. இதன் மதிப்பு (1,700 + 550) ÷ 300 = 7.5. ஆடியவர்கள் இரண்டாவதைவிட இதையே அதிகம் விரும்பினார்கள். ஆனால் பட்டியலில் இது கீழே. கற்பனை வாக்குகளை 1,000 ஆக உயர்த்தினால் இரண்டாவது 6.75, மூன்றாவது 6.0. இடைவெளி இன்னும் விரிகிறது. அதாவது கற்பனை வாக்குகளைக் கூட்டக்கூட ஏமாற்று குறையும். அதே அளவுக்குச் சிறிய படைப்பாளி தண்டிக்கப்படுவார். இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் எண் எதுவும் இல்லை. எங்கே கோடு கிழிப்பது என்பது கணிதம் சொல்லும் முடிவன்று. கிழிப்பவர் செய்யும் முடிவு.

திரைப்படங்களுக்கு மதிப்பெண் இடும் ஐ.எம்.டி.பி. தளமும் தன் 250 சிறந்த படங்களின் பட்டியலுக்கு இதே வகைச் சூத்திரத்தைப் பயன்படுத்தியது; அதை வெளிப்படையாகவே அச்சிட்டுக் காட்டியது. போர்டு கேம் கீக் கற்பனை வாக்குகளின் சரியான எண்ணிக்கையை அறிவிப்பதில்லை. சூத்திரம் தெரிந்தால் ஏமாற்றுபவர்களுக்கு வசதியாகிவிடும் என்பது இத்தகைய மறைப்புக்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் எந்த விதியால் தன் இடம் தீர்மானிக்கப்படுகிறது என்று அறிய விளையாட்டை உருவாக்கியவருக்கு உரிமை இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முதலிடத்துக்கான சண்டை

ஆண்ட்ரியாஸ் செய்ஃபார்த் உருவாக்கி 2002-இல் வெளியான 'புவேர்ட்டோ ரிக்கோ' நெடுங்காலம் அத்தளத்தில் முதலிடத்தில் இருந்தது. உவே ரோசன்பெர்க்கின் 'அக்ரிகோலா' 2008-இல் அதை முந்தியது. அப்போது இருதரப்பு ரசிகர்களிலும் சிலர் மற்றவருடைய விளையாட்டுக்கு 1 மதிப்பெண் இட்டுக் கீழே இழுக்க முயன்றனர். போர்டாவிடம் கேட்கப்பட்ட கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மீண்டும் எழுந்தது. பின்னர் 'ட்வைலைட் ஸ்ட்ரகிள்', 'பாண்டமிக் லெகசி', 'குளூம்ஹேவன்' ஆகியன முதலிடம் பெற்றன. 2023 தொடக்கத்தில் 'பிராஸ்: பர்மிங்காம்' அவ்விடத்துக்கு வந்தது.

இப்படி வேண்டுமென்றே இடும் 1 எவ்வளவு கெடுக்கும்? நூறு பேர் 8 இட்டிருக்கிறார்கள்; ஐந்து பேர் 1 இடுகிறார்கள். சராசரி 8-இலிருந்து ஏறத்தாழ 7.67-க்கு இறங்கும். உச்சியில் நெருங்கி நிற்கும் விளையாட்டுகளுக்கு இது பல இடங்கள் சரிவு. மதிப்பெண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவிலுள்ளதை எடுத்தால், அதாவது இடைநிலை அளவைக் கொண்டால், அது 8 ஆகவே இருக்கும். பிரான்சிஸ் கால்டன் 1907-இல் இதையே வற்புறுத்தினார். பலர் கூடி ஒரு தொகையை முடிவுசெய்யும்போது சராசரியை எடுத்தால் மிகைப்படுத்திச் சொல்பவருக்கே செல்வாக்குக் கூடும். இடைநிலை அளவை எடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரே வலிமைதான் என்பது அவர் வாதம். பிளிமத் கண்காட்சியில் ஓர் எருதின் எடையை ஊகித்து எழுதப்பட்ட 787 சீட்டுகளை அவர் ஆராய்ந்தார். இடைநிலை ஊகம் 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198 பவுண்டு.

அப்படியானால் எல்லோரும் இடைநிலை அளவுக்கு மாறிவிடலாமே? எருதின் எடைக்குப் பொருந்துவது இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. பெரும்பாலோர் முழு எண்களையே இடுகிறார்கள். ஆயிரக்கணக்கான விளையாட்டுகளின் இடைநிலை அளவு 7 அல்லது 8 என்றே வந்து நிற்கும். அவற்றை வரிசைப்படுத்த முடியாது. அதனால்தான் குறைகள் தெரிந்தும் சராசரி நீடிக்கிறது. போலிக் கணக்குகளைக் கண்டுபிடித்து நீக்குவதும், கற்பனை வாக்குகளும் சேர்ந்து அதைத் தாங்குகின்றன.

யாருடைய மதிப்பெண்?

எந்தச் சூத்திரத்தாலும் தீராத கோணல் ஒன்று உண்டு: மதிப்பெண் இடுபவர் யார்? 'குளூம்ஹேவன்' பெட்டி ஏறத்தாழ 10 கிலோ எடை, விலையும் அதிகம். அத்தகைய விளையாட்டை விரும்பாதவர் அதை வாங்கவே மாட்டார். வாங்கியவர் ஏற்கெனவே விரும்பியவர். அவர் உயர்ந்த மதிப்பெண்தான் இடுவார். மாறாக, எல்லா வீட்டிலும் கிடக்கும் 'மோனோபோலி'யை விருப்பமில்லாதவரும் ஆடியிருப்பார். அவரும் மதிப்பெண் இடுவார். இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எழுதப்பட்டாலும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தவையல்ல.

பட்டியலின் அடியில் நெடுங்காலமாகக் கிடப்பவற்றுள் பாம்பும் ஏணியும் ஒன்று. இது இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஆட்டம். தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடும் பரமபத சோபான படத்தின் உறவு. ஆடுபவர் முடிவெடுக்க வேண்டியது எதுவுமே இல்லை, எல்லாம் காயின் விழுக்காடு என்பதே வியூக விளையாட்டுப் பிரியர்கள் அதற்குக் குறைந்த மதிப்பெண் இடக் காரணம். பாட்டியும் ஐந்து வயதுப் பேரனும் சரிசமமாக ஆட முடிவதும் அதே காரணத்தால்தான்.

இந்தக் குறையைத் தணிக்க, தளம் குடும்ப விளையாட்டு, போர் விளையாட்டு, குழந்தைகள் விளையாட்டு எனத் தனித்தனிப் பட்டியல்களும் தருகிறது. ஜெர்மன் நடுவர் குழுவும் 2001-இல் குழந்தைகளுக்கும், 2011-இல் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கும் தனி விருதுகளை ஏற்படுத்தியது. ஆயினும் குழந்தைகள் விளையாட்டுப் பட்டியலில் மதிப்பெண் இடுபவர்கள் அநேகமாகப் பெரியவர்களே.