சத்தியமூர்த்தி நகரும் நாடகக் கொட்டகையும்

பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கத்தைக் கடந்து வடக்கே செல்லும் சாலை சென்று சேரும் ஆவடியில், 1955ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரியான சமுதாயமே தேசத்தின் இலட்சியம் என்று தீர்மானித்ததைச் சரித்திர நூல்கள் யாவும் கூறுகின்றன. அம்மகாநாட்டுப் பந்தல் எழுந்த இடத்திற்குச் சத்தியமூர்த்தி நகர் என்று நாமகரணம் செய்யப்பட்டிருந்ததையோ, அப்பெயருக்குரியவர் தம் கட்சிக்குக் கற்பித்த பாடத்தையோ நினைப்பவர் சிலரே.

சுகுண விலாச சபையில் தாமே வேஷம் புனைந்து நடித்தவர் தீரர் சத்தியமூர்த்தி. கற்றோர் பலர் நடிகர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்து ஒதுக்கிய அக்காலத்தில், பத்திரிகை படிக்க அறியாதவர்களும், இரவெல்லாம் விழித்திருந்து தெருக்கூத்தில் பாரதம் கேட்டுப் பழகியவர்களுமான ஜனங்களின் உள்ளத்தை எட்ட நாடக மேடையைக் காட்டிலும் உகந்த சாதனம் இல்லை என்று கண்டு, கிட்டப்பா, சுந்தராம்பாள் போன்றோரைச் சமமாக மதித்துத் தேசியப் பணிக்கு அழைத்தார். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த சர்க்கார், வள்ளி திருமணத்தைப் புராணக் கதை என்று விட்டுவைத்தது. ஆனால் அந்நாடகப் பாட்டில் தினைப்புனத்திலிருந்து விரட்டப்பட்ட வெள்ளைக் கொக்கு எது என்பது சபையோருக்குத் தெரிந்திருந்தது. அவ்வாறு பாடிப் பலமுறை சிறை புகுந்த விஸ்வநாத தாஸ், 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

ஆட்சிபீடம் ஏறிய பின்பு காங்கிரஸ் இந்த மார்க்கத்தை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்தது. சுந்தராம்பாளை மேல்சபை உறுப்பினராக்கிக் கௌரவித்தது உண்மையே. எனினும் மேடையின்மீது அதற்கிருந்த நம்பிக்கை தளர்ந்து, சந்தேகமே வளர்ந்தது. திராவிட இயக்கத் தலைவர் அண்ணாதுரையோ தாமே நாடகம் எழுதி, தாமே நடித்து, வேலைக்காரியை 1949இல் திரைப்படமாகவும் கண்டார். 1952இல் கருணாநிதியின் வசனத்துடன் பராசக்தி வெளிவந்தது. கட்சிக் கூட்டத்தின் பக்கம் தலைகாட்டாதவனும் பணம் கொடுத்து டிக்கெட்டு வாங்கி, மணல் தரையில் அமர்ந்து, கட்சியின் வாதத்தை முழுவதும் கேட்டுச் சென்றான். இதற்குக் காங்கிரஸ் அளித்த விடை, 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம். எம். ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தது என்று பரவலாகப் பேசப்பட்ட அச்சட்டம், அந்நியர் பிடித்த அதே கோலைச் சுதேச சர்க்காரின் கையில் கொடுத்தது. ஆவடிப் பந்தலுக்குச் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

1967 ஜனவரியில் சுடப்பட்டுப் படுக்கையிலிருந்த தி.மு.க. நடிகர் எம்.ஜி.ஆர்., பிரசாரத்திற்கு வர இயலாமலே, அடுத்த மாதம் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். பத்து ஆண்டுகளில் முதலமைச்சரும் ஆனார். நடிகனை அழைத்த தலைவர், நாடகம் எழுதிய தலைவர், நடிகனே தலைவன் என மூன்று படிகளில் நிகழ்ந்த இம்மாறுதலைச் சினிமா மயக்கம் என்று சொல்லித் தள்ளிவிடுதல் நியாயமன்று. அரிசிப் பஞ்சமும், 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் காங்கிரஸ் ஆட்சியை இழந்த அத்தேர்தலைத் தீர்மானித்த காரணங்களில் அடங்கும். ஆயினும், கூத்தாடியை இகழ்ந்தவர்கள் கூத்துப் பார்க்க வந்தவர்களையும் சேர்த்தே இகழ்ந்தார்கள். அவ்வாறு இகழப்பட்டவர்களுக்கோ, 1952 முதல் ஆளுக்கு ஒரு வாக்கு இருந்தது.